மரம் மாதிரி ஒரு போர்டு

எங்கள் வீட்டுக் கூடத்தில் முதலில் தொங்கியது சாதாரண வெள்ளை போர்டுதான். அதை மாட்டச் சொன்னது நான். பிள்ளைகளுக்கு எந்த நாள் எந்தச் சீருடை என்பது எனக்கு நினைவில் நிற்காது. போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கும் என் கணவருக்கோ எதுவுமே நினைவில் நிற்காது. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்றைக்கு வருகிறது என்பதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவார். சாப்பிடும் முன் கை கழுவுவார். பிறகு என்னைக் கேட்பார்.

போர்டு வந்ததும் வீடு ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஆனால் வந்து போகிற ஒருவர்கூட அதை மரியாதையாகப் பார்க்கவில்லை. அந்தக் கூடம் என் மாமனார் பார்த்துப் பார்த்துக் கட்டியது. கதவு தேக்கு, ஊஞ்சல் தேக்கு, அலமாரி தேக்கு. வீட்டில் எந்த நல்ல நாள் வந்தாலும் அதற்கு முதல் நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தேங்காய் எண்ணெயைப் பழைய துணியில் தொட்டு, எல்லாவற்றுக்கும் அவரே பூசுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அப்படிப்பட்ட கூடத்துக்கு நடுவில் வெள்ளைவெளேரென்று ஒன்று தொங்கினால் எப்படி இருக்கும்? "என்னத்தா, ஆஸ்பத்திரி ஆரம்பிச்சுட்டீகளா? ரத்தம் எடுக்கிறது எங்கன?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கோபம் வந்தால் ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிடுவேன். மற்றவர்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், நான் தொழில் தொடங்கினேன்.

செல்போனில் தேடியதில் தெரிந்தது: எழுதி அழிக்கிற போர்டு வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மரத்தின் ரேகைகளை அப்படியே அச்சிட்டு, மேலே வழவழப்பான படலம் ஒட்டிய தாள் சுருள் சுருளாகக் கிடைக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சுருள் வரவழைத்தேன். இளந்தேக்கு நிறம். அதை அட்டைப் பலகையில் குமிழி விழாமல் ஒட்டக் கற்றுக்கொள்வதற்குள் பாதிச் சுருள் குப்பைக்குப் போயிற்று. ஓரச்சட்டத்தை மட்டும் எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுத்து அடித்து வாங்கினேன். வெள்ளை போர்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டியபோது கூடம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. கறுப்பு மார்க்கரில் எழுதினால் பளிச்சென்று தெரிந்தது. துடைத்தால் சுத்தமாகப் போயிற்று.

மாமனார் ஏலக்காய்க் கடையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். போர்டைப் பார்த்தார். பக்கத்தில் போய் விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டினார். 

"இது மரமில்ல" என்றார்.

"மரம் மாதிரி, மாமா."

"பாத்தா தேக்கு. தட்டுனா அட்ட. ஏலக்காய்க்குப் பச்சச் சாயம் போட்டு விக்கிறவனுக்கும் இதுக்கும் என்னத்தா வித்தியாசம்?"

"சாயம் போட்டவன் சாயமுன்னு சொல்லி விக்க மாட்டான். நான் சொல்லித்தான் விக்கப் போறேன்" என்றேன். விற்பேன் என்று எனக்கே அந்த நொடியில்தான் தெரியும்.

மாமியார் தவறிய பிறகு அந்த வீட்டில் மாமனாருக்குப் பதில் சொல்கிற ஆள் நான் ஒருத்திதான். என் கணவர் அப்பா முன்னால் இருமக்கூட மாட்டார். அன்றைக்கும் அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

வீடுகளுக்கு விற்பது சுலபமாக இருந்தது. எதிர்வீட்டு அக்காவே முதல் போர்டை வாங்கினார். தேவதானப்பட்டியில் ஒரு வீட்டில் இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு தடவை குழம்புக்கு உப்புப் போட்டு வீட்டையே கதற வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சமையலறைக்கு ஒரு சின்ன போர்டு போயிற்று. அதில் நிரந்தரமாக ஒரே கேள்வி, "உப்பு?" போட்டவர் அதன் பக்கத்தில் ஒரு டிக் அடிக்க வேண்டும். கெங்குவார்பட்டியில் ஒருவர் "இன்று முதல் கோபப்பட மாட்டேன்" என்று எழுதி வைக்க வாங்கினார். மூன்றாம் நாள் அவர் மனைவி போன் செய்து, போர்டைக் கழற்றி வீசிவிட்டார், சட்டம் உடைந்துவிட்டது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தேன். கோபக்காரர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பரிவு உண்டு.

ஆனால் அலுவலகங்கள் அசையவில்லை. தேனியில் படியேறி இறங்காத அலுவலகம் இல்லை. "நல்லாருக்கும்மா, பாப்போம்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

இதற்கிடையில் வீட்டின் பின்னறை முழுக்க என் சுருளும் பலகையும் ஆகிவிட்டது. அது மாமனார் ஏலக்காய் மூட்டை அடுக்குகிற அறை. சீசன் இல்லாத மாதங்களில் சும்மாதான் கிடந்தது. ஆடி பிறந்ததும் ஒரு நாள் காலையில் காப்பியைக் குடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஆவணி முடியுமட்டும் ரூம வச்சுக்க ஆத்தா. அதுக்குள்ள ஒரு ஆபீஸாவது ஒம் போர்ட மாட்டி, நல்லாருக்குன்னு நாலு பேரு சொல்லட்டும். சொன்னாகன்னா நான் வாயே தெறக்கல. இல்லேன்னா இந்த வெளையாட்ட விட்டுரு. எனக்கு மூட்ட போட எடம் வேணும்."

விளையாட்டு என்ற சொல் என்னைச் சுட்டது. அவருடைய நாற்பது வருஷ வியாபாரத்துக்கு முன்னால் என்னுடையது விளையாட்டுதான், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து தாளை நீவி ஒட்டுகிற அந்த இரண்டு மணி நேரம்தான் ஒரு நாளில் எனக்கே எனக்கென்று இருந்தது. அதை விட்டுவிட்டால் பழையபடி சீருடையும் சோற்றுப் பானையும்தான். "சரி மாமா" என்றேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ஆடியில் யார் போர்டு வாங்குவார்கள்? ஒருவரும் வாங்கவில்லை. ஆடி கடைசியில்தான் அந்தத் திராட்சை வியாபாரி வந்தார். காமயகவுண்டன்பட்டியில் சொந்தத் தோட்டம். கேரளாவுக்குப் பழம் ஏற்றுகிறவர். கம்பத்தில் புதிதாக அலுவலகம் கட்டியிருந்தார். எந்த லாரி, எந்த ஊர், எத்தனை பெட்டி என்று தினமும் எழுத போர்டு வேண்டும். வெள்ளை போர்டு கூடாது.

"எட்டாங்கிளாஸ்ல கரும்பலகை முன்னாடி முட்டி போட்ட ஆளு நானு. கறுப்போ வெள்ளையோ, பள்ளிக்கூட போர்டு எதப் பாத்தாலும் இன்னைக்கும் காலு வலிக்குது தங்கச்சி" என்றார். ஏழு போர்டு சொன்னார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா.

அந்த இரண்டு வாரமும் நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா, நினைவில்லை. ஏழு போர்டிலும் ஒரு குமிழி கிடையாது. விழாவுக்கு முதல் நாள் காலையில் வேன் பிடித்துக் கம்பத்துக்குக் கொண்டுபோய், மட்டம் பார்த்து மாட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதி அழித்துப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் போடிக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் மாமனார் இல்லை. கம்பத்தில் ஒரு துக்கம் விசாரிக்கப் போகிறேன் என்று கடையில் சொல்லிவிட்டு பஸ் ஏறினாராம். என்னிடம் சொல்லியிருந்தால் வேனிலேயே கூட்டிக்கொண்டு போயிருப்பேனே என்று நினைத்தேன். அதோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் தேவாரம் வழியாகக் காரில் போனோம். கணவர் ஓட்டினார், மாமனார் முன்னால், நான் பட்டுப்புடவையில் பின்னால். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மாமனாருக்கும் அழைப்பு வந்திருந்தது. ஆனாலும் வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். சலவை வேட்டி கட்டி, எங்களுக்கு முன்னால் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தீர்ப்புச் சொல்ல வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகம் நிறைந்திருந்தது. பழ வியாபாரிகள், லாரிக்காரர்கள், பொண்டாட்டி பிள்ளைகளோடு தோட்டக்காரர்கள். நடு போர்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். நேற்றைவிட இன்று போர்டுகள் கூடுதலாகப் பளபளப்பதைப் பார்த்தேன். புது டியூப்லைட் வெளிச்சம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

பூஜை முடிந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் சில நிமிஷம்தான் என்றார் ஐயர். திராட்சை முதலாளி மார்க்கரைச் சாமி படத்து முன்னால் வைத்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, நடு போர்டில் பிள்ளையார் சுழி போட்டார்.

விழவில்லை.

மார்க்கர் வழுக்கிக்கொண்டு போயிற்று. சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருளுகிற மாதிரி மை பொட்டுப் பொட்டாகத் திரண்டு நின்றது. இன்னொரு மார்க்கர் கொடுத்தார்கள். அதுவும் விழவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. "மொத எழுத்தே விழலையேப்பா" என்று ஒரு குரல். பக்கத்தில் நின்ற அம்மாள் வாயில் கை வைத்தார். முதலாளியின் முகத்தில் அந்த எட்டாங்கிளாஸ் பையன் வந்து நின்றுவிட்டான்.

எங்கள் பக்கத்தில் புதுக் கணக்கோ புது வீடோ, முதல் சுழி விழாவிட்டால் யாரும் அதை மார்க்கர் மேல் பழி போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். அடுத்த வாரம் ஒரு லாரி பஞ்சர் ஆனாலும் இந்த போர்டைத்தான் சொல்வார்கள். சின்னமனூர் தாண்டுவதற்குள் என் பேர் நாறிவிடும். பின்னறையும் போயிற்று, எல்லாம் போயிற்று.

எப்படி முன்னால் போனேன் என்று தெரியாது. போர்டில் விரலை வைத்தேன். வழவழ. எண்ணெய்!

சோப்புக்கு ஓட நேரமில்லை. பூஜைத் தட்டில் விபூதி இருந்தது. அடுப்புச் சாம்பலால் எண்ணெய்ச் சட்டி தேய்த்து வளர்ந்தவள் நான். ஒரு கை நிறைய விபூதியை அள்ளி, "ஒரு நிமிசம்ண்ணே, மொதல்ல இதுக்கு விபூதி பூசணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, போர்டில் அப்பித் தேய்த்தேன். பட்டு முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். இன்னொரு கை விபூதி, இன்னொரு துடைப்பு. கை நடுங்கியது. ஐயர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இப்பப் போடுங்கண்ணே."

முதலாளி போட்டார். கறுகறுவென்று விழுந்தது பிள்ளையார் சுழி. கூட்டம் முழுக்கக் கைதட்டல்.

"விபூதி பூசாம எழுதுனா எப்பிடி விழும்? அந்தப் பிள்ளைக்கு வெவரம் தெரிஞ்சிருக்கு" என்றார் சற்று முன் வாயில் கை வைத்த அதே அம்மாள். முதலாளி என் பக்கம் திரும்பி, "வெறும் போர்டு விக்கிற ஆளுன்னு நெனச்சேன் தங்கச்சி. மொறையெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கியே" என்றார். பலகாரத் தட்டோடு வந்தவர்கள் எல்லாம் போர்டைத் தடவிப் பார்த்து, நல்லாருக்கு, நல்லாருக்கு என்றார்கள். கம்பத்து ஆள் ஒருவர் தன் பால் பண்ணை அலுவலகத்துக்கு இரண்டு கேட்டார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே கொதித்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் சாப்பிடப் போனதும், சமையல்காரர்களிடம் பாத்திரம் விளக்குகிற சோப்பும் ஈரத்துணியும் வாங்கிக்கொண்டு, மீதி ஆறு போர்டையும் துடைக்கக் கிளம்பினேன். ஆறிலும் எண்ணெய். ஓரம் விடாமல், மூலை விடாமல். சிந்தியது இல்லை, யாரோ வேண்டுமென்றே உட்கார்ந்து பூசியது. எவன் கையோ அந்தக் கையை உடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே துடைத்தேன். யாராக இருக்கும்? தேனியில் வெள்ளை போர்டு விற்கிறவனா? முதலாளிக்கு வேண்டாதவர்களா? வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நேத்து நான் போனதுக்கப்புறம் இங்கன யாரு வந்தாக?"

"பெரியவரு ஒருத்தரு வந்தாகம்மா. இந்தா, இப்பக்கூட முன்வரிசையில உக்காந்திருந்தாகளே, அவுகதான். போடியிலருந்து பஸ்ஸுல வந்தாகளாம். இதெல்லாம் எம் மருமக கம்பெனி போர்டு, நாளைக்கு நாலு பேரு பாக்குறாக, மங்கிக் கெடக்கக் கூடாதுன்னு சொன்னாக. ஒரு பையில பழந்துணியும் எண்ணெயும் கொண்டாந்திருந்தாக. முட்டி வலிக்குதுன்னு ஸ்டூலப் போட்டு உக்காந்து உக்காந்து, ஏழையும் பூசுனாக. நான் பூசுறேன்னேன், குடுக்க மாட்டேன்னுட்டாக. டீ வாங்கியாந்தேன், குடிக்கல. மருமககிட்டச் சொல்லாதய்யான்னு சொல்லிட்டுப் போனாக. நான் பாருங்க, ஒளறிட்டேன்."

துணி கையில் அப்படியே நின்றுவிட்டது. அது மரமில்லை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தட்டிப் பார்த்துச் சொன்னவரே அவர்தான். ஆனாலும் வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதல் நாள் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் செய்ய, வலிக்கிற முட்டியோடு, இல்லாத துக்கம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு ஆறாவது போர்டைத் துடைத்து முடித்தேன்.

சாப்பாடு முடிந்து காரில் திரும்பினோம். கோம்பை தாண்டியதும் மாமனார், திரும்பாமலே, "ஆத்தா" என்றார்.

"சொல்லுங்க மாமா."

"மொத எழுத்து விழல. பாத்தேன்."

நான் சீட்டின் நுனிக்கு நகர்ந்தேன்.

"ஊரு ஏமாந்துருச்சு. நீ சமாளிச்சுட்ட. ஆனா ஓங் கை நடுங்குனத நான் பாத்தேன். போர்டுல என்னமோ கோளாறு. என்னன்னு எனக்குத் தெரியல."

எண்ணெய் என்ற சொல் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்த சொல்லை நான் திரும்ப விழுங்கியதாக என் வரலாற்றில் கிடையாது. அன்றைக்கு விழுங்கினேன்.

"சரக்குன்னா ஒண்ணு ரெண்டு அப்பிடி இப்பிடித்தான் இருக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "அதுக்காக விட்ராத ஆத்தா" என்றார்.

"ரூமக் காலி பண்ணணும்னீகளே மாமா."

"மூட்டைய மாடியில போட்டுக்கிறேன்."

என் கணவர் காரின் வேகத்தைக் குறைத்துவிட்டார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாரல் நின்று வெயில் வந்திருந்தது. கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தால் அதில் எண்ணெயும் விபூதியும் அப்பிக் கிடந்தது.

"அடுத்தது எங்கன மாட்டப் போறன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லிரு" என்றார் மாமனார், ரோட்டைப் பார்த்தபடியே. "முத நாளு நான் போயி ஒரு பார்வ பாத்துட்டு வந்துர்றேன்."

"நீங்க தனியாப் போக வேணாம் மாமா" என்றேன். "நாம சேந்தே போவோம்."